ஆன்டி-ஸ்பின் ரப்பருக்குத் தடை இல்லை

"ஆன்டி-ஸ்பின் ரப்பர் எல்லா ஸ்பின்னையும் கொன்றுவிடும், அதனால்தான் தடை செய்துவிட்டார்கள்" என்று டேபிள் டென்னிஸ் மட்டையில் ஒட்டும் இந்த ரப்பரைப் பற்றிப் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

அதன் மேல்பரப்பு வழுக்கல். பந்தைப் பிடித்துத் திருப்பாது. ஏற்கெனவே சுழல்கிற பந்து பெரும்பாலும் அதே பக்கமாகச் சுழன்றபடி திரும்பும். அதாவது, எதிராளி போட்ட டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) அவருக்கே பேக்ஸ்பின்னாக (பின்னோக்கிய சுழற்சியாக) வரும். அது புரியாமல் வழக்கம்போல அடித்தால் பந்து கீழிறங்கி நேராக வலைதான். பாண்டி உப்பளம் ஸ்டேடியத்தில் நல்ல ஆட்டக்காரர்களே இப்படித் திணறுவார்கள்.

2008-ல் தடையானது உராய்வே இல்லாத லாங் பிம்பிள் ரப்பர், அதாவது மேலே நீளமான சிறு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர். அது வேறு வகை.

பாண்டி, கடலூர் டோர்னமென்ட்டுக்குப் போகிறவர்கள் ரப்பரில் சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐ.டி.டி.எஃப்.) முத்திரை இருக்கிறதா பாருங்கள். மட்டையின் ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். ஆட்டத்துக்கு முன் எதிராளியிடம் மட்டையைக் காட்டிவிடுங்கள், அதுவும் விதிதான்.