ரீச்சர் எம்.பி. ஆகிட்டா, சரி. அதுக்குப் பிறகு?

2024 நவம்பர் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு எங்கட ஆட்களின் பதிவுகளில் ஒரே பெருமைதான். "ரீச்சர் எம்.பி. ஆகிட்டா", "மாஸ்டர்மார் பாராளுமன்றம் போயிட்டினம், இனி நாடு உருப்படும்." சந்தோஷப்படுங்கோ. ஆனால் பிரம்பு பிடித்த கை பிழை செய்யாது என்று யார் சொன்னது?

பேஸ்லைன் வீதியால் போகிற கொழும்புக்காரருக்கு வெஸ்லி கல்லூரி தெரியும். இலங்கை அரசியலைத் திருப்பிய இரண்டு பேர் அந்தக் கல்லூரியில் படிப்பித்தவர்கள். ஒருவர் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கர, மற்றவர் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வா. இருவரும் பிறகு சட்டம் படித்துப் போனதால் அவர்களின் வாத்தியார் காலத்தை நாங்கள் மறந்துவிட்டோம்.

பிரித்தானியர் காலத்து டொனமூர் அரசியல் யாப்பின் கீழ் 1931இல் அரசாங்க சபை, அதாவது அன்றைய சட்டசபை, வந்தது. அதன் வேலையை ஏழு நிர்வாகக் குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டன. கல்விக் குழுவின் தலைவர்தான் கல்வி அமைச்சர். அந்தக் கதிரையில் கன்னங்கர 1947 வரை இருந்தார். இலவசக் கல்வி மேடைப் பேச்சில் பிறந்ததல்ல. 1943இல் விசேட குழுவின் அறிக்கை, பிறகு சபையில் இழுபறி, வெளியே தனியார் பாடசாலைகளின் எதிர்ப்பு. எல்லாம் தாண்டி 1945 ஒக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. (அதுவும் மலையகத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேரவில்லை. 1970களில்தான் அரசு அவற்றைக் கையேற்கத் தொடங்கியது. கன்னங்கர புகழ் பாடுகிறவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை.)

அப்பேர்ப்பட்டவரை 1947 தேர்தலில் மத்துகம மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

செல்வாவை 1952இல் காங்கேசன்துறையில் தோற்கடித்தவர் யார் தெரியுமா? பரமேஸ்வராக் கல்லூரி அதிபராக இருந்த நடேசபிள்ளை, ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) வேட்பாளர். வாத்தியாருக்கு எதிராக வாத்தியார்! "படிப்பிச்ச மனிசன்" என்ற அளவுகோலை வைத்து அன்றைக்கு யாருக்குப் புள்ளடி போடுவது? நாலு வருடம் கழித்து, களனி மாநாட்டில் ஐ.தே.க. சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி என்று திரும்பியதும், அதே தொகுதி 1956இல் செல்வாவைத் தெரிவு செய்தது. சனம் பார்த்தது ஆளின் பழைய தொழிலை அல்ல.

ஆசிரியருக்கு ஒரு அனுகூலம் இருக்கு, மறுக்கவில்லை. கட்டுக்கட்டாகக் கொப்பி திருத்திய பொறுமை. சட்டமூலத்தை வரி வரியாக வாசிக்க, கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையோடு மல்லுக்கட்ட அது வேணும். பாதகமும் இருக்கு: வகுப்பில் அவரை எதிர்த்துக் கேட்டவர் குறைவு.

அதனால் சபையில் உங்கட ரீச்சர் எம்.பி. திருக்குறள் சொன்ன வீடியோவைப் பகிர்ந்தது போதும். அரச நிறுவனங்களின் கணக்கைக் கிளறுகிற கோப் குழுவில் இருக்கிறாரா, துறைசார் மேற்பார்வைக் குழுவில் இருக்கிறாரா, கூட்டத்துக்குப் போனாரா, போய் என்ன கேட்டார் என்று அவரிடமே கேளுங்கோ. முறைச்சுப் பார்த்தால், இன்னொரு தரம் கேளுங்கோ.