கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பைச் சம்பாதிக்கிறார்களா?

கோவை, ஈரோடு வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு செய்தி சுற்றுகிறது: "கத்தோலிக்கர்கள் காணிக்கையும் நற்செயலும் கொடுத்து மீட்பை வாங்குகிறார்கள், கிருபை அவர்களிடம் இல்லை." கூடவே பைபிளில் பவுல் எழுதிய எபேசியர் 2:8-9: மீட்பு அருளால், நம்பிக்கை வழியாகக் கிடைக்கும் கொடை, செயல்களால் வருவதல்ல என்ற வசனம்.

இது தவறு. ஒருவர் தன் செயல்களால் மட்டுமே, கிறிஸ்து வழி வரும் இறையருள் (கிருபை) இல்லாமல், நீதிமானாக, அதாவது கடவுள்முன் ஏற்புடையவராக முடியும் என்று சொல்வதையே கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இல் இதைப் பற்றிய தன் முதல் விதியிலேயே கண்டித்துவிட்டது. கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கிறார்களே, அந்தக் குழந்தை என்ன நற்செயல் செய்தது? முதல் அருள் யாருக்கும் இலவசம்தான். கோவை அருகே கருமத்தம்பட்டி திருத்தலத்தில் செபமாலை அன்னை மரியாவுக்கு ஏற்றும் மெழுகுவர்த்தியும் நன்றியும் வேண்டுதலுமே, மீட்புக்கான விலையல்ல.

குழப்பம் எங்கே வருகிறது? பெற்ற அருளோடு மனிதர் ஒத்துழைக்க வேண்டும், அதில் வளரலாம், சாவான பாவத்தால் (தெரிந்தே மனதாரச் செய்யும் கனமான பாவத்தால்) இழக்கவும் கூடும் என்கிறது கத்தோலிக்கப் போதனை. இதைத்தான் 'சம்பாதிப்பது' என்று திரித்துவிடுகிறார்கள். அனுப்புகிறவர்கள் 10-ஆம் வசனத்தை வெட்டிவிடுவது வருத்தமான விஷயம். நற்செயல்களுக்காகவே நாம் படைக்கப்பட்டோம் என்று பவுல் உடனே சொல்கிறார்.

1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கை, நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்கிறது. 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளும் அதில் இணைந்தன.

வேறுபாடுகள் தீரவில்லை என்பதும் உண்மை: நீதிமானாக்கப்பட்டவரிடம் பாவம் எந்த அளவில் நீடிக்கிறது, நற்செயலுக்குக் கடவுள் தரும் நற்பயனை எப்படிப் பேசுவது, இறந்தபின் தூய்மை பெறும் உத்தரிக்கும் நிலை உண்டா என்பவை இன்னும் விவாதத்தில் இருக்கின்றன.