பிளாப் மீனின் முகம் அதுவல்ல

கடந்த வாரம் என் மகளின் பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டியபோது, "உலகிலேயே அசிங்கமான விலங்கு எது?" என்ற கேள்விக்குப் பிளாப் மீன் என்று விடை அச்சிட்டு, தொங்கிய மூக்கும் கவிழ்ந்த வாயுமாக இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு படமும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அது அந்த மீனின் முகமே அல்ல.

உலகம் முழுவதும் பரவிய அந்தப் படத்தில் இருப்பது, 2003-இல் நியூசிலாந்துக்கு வடமேற்கே கடலடி மலைத்தொடர் ஒன்றை ஆராயச் சென்றவர்களின் வலையில், 1000 மீட்டருக்கும் கீழிருந்து ஏறி வந்த மீன். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதால், அது வாழ்ந்த இடத்தில் நாம் தரையில் உணர்வதைப்போல் நூறு மடங்குக்கு மேல் அழுத்தம்.

ஒகேனக்கலில் மீன் ஆயும் பெண்கள் கெண்டையின் வயிற்றைக் கீறும்போது, நடுவில் நூல் கட்டிய பலூன்போல வெள்ளையாக ஒரு காற்றுப்பை வெளியே வருவதை நம் ஊரில் பார்க்காதவர் குறைவு. காவிரி மீன் பாடுபடாமல் நீரில் நிற்பது அந்தப் பையால்தான். பிளாப் மீனுக்கு அது கிடையாது. அதற்குப் பதிலாக அதன் சதையே நீரைவிடச் சற்று அடர்த்தி குறைந்த கூழாக அமைந்திருக்கிறது. ஆகவே தசைவலு அதிகமில்லாமலே கடல்தரைக்குச் சற்று மேலே மிதந்தபடி, வாய்க்கு எட்டுகிற நண்டையும் கடல் முள்ளெலியையும் தின்று அது வாழ்கிறது. சுற்றியுள்ள நீரின் அழுத்தமே அந்த உடலுக்கு உருவம் கொடுக்கிறது. அங்கே அது பெரிய தலையும் சிறுத்துச் செல்லும் வாலுமாக, தலைப்பிரட்டையைப் போன்ற சாதாரண மீன். மேலே இழுத்துப்போட்டு, உடல் குலைந்தபின் படமெடுத்து, இதுதான் அதன் அழகு என்பது எந்த நியாயம்?

2013-இல் பிரிட்டனில் வாக்கெடுப்பு நடத்தி இந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்களின் நோக்கம், அழகற்றவை என்று ஒதுக்கப்படும் உயிர்களையும் காப்பாற்ற வேண்டும் என்பதுதான். அந்த நோக்கம் புத்தகங்களில் உதிர்ந்துபோய், பட்டம் மட்டும் நின்றுவிட்டது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கடல்களில் வேறு மீன்களுக்காகக் கடல்தரையை வாரிச் செல்லும் இழுவலைகளில் இவையும் சிக்கி மடிகின்றன என்பதை எந்தப் புத்தகமும் குழந்தைகளிடம் சொல்லக் காணோம். நியூசிலாந்தில் 2025-ஆம் ஆண்டின் மீனாகப் பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது இதைத்தான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

தேர்வில் மதிப்பெண் போய்விடும் என்பதால் மகளின் புத்தகத்தில் விடையை அடிக்கவில்லை. படத்துக்குக் கீழே, "வலையில் ஏறி வந்தபின் எடுத்தது" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.