பேரரசருக்குத் தலைவலி கொடுத்த ஆளுநர்கள்

பழைய பேரரசுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒரு வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சிந்து நதி முதல் ஏஜியன் கடல் வரை, கீழே எகிப்து வரை, எல்லாம் ஒரே நிறம். "பாரசீகப் பேரரசு, கி.மு. 500". அதற்கு நாலு பேர் "அடேங்கப்பா, என்ன ஆட்சி!" என்று வியந்திருப்பார்கள். எனக்கு அந்த ஒரே நிறத்தைப் பார்த்தால்தான் எரிச்சல் வரும். நிலத்தைப் பிடிப்பது ஒரு வேலை. பிடித்த நிலத்தில் தன் சொல்லை நடக்க வைப்பது வேறு வேலை. பாரசீக மன்னர்களின் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இரண்டாவது வேலைதான் என்பது என் கட்சி.

முதலாம் டாரியஸையே பாருங்கள். கி.மு. 522-இல் அரியணை ஏறினார். இன்றைய ஈரானில் உள்ள பெஹிஸ்தூன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் வெட்டிவைத்த கல்வெட்டில், ஒரே ஆண்டில் 19 போர்களில் வென்றேன், 9 மன்னர்களைப் பிடித்தேன் என்று பெருமை பேசுகிறார். பெருமையைக் கழித்துவிட்டுப் படித்தால் என்ன மிஞ்சுகிறது? பாபிலோன் இரண்டு முறை எழுந்திருக்கிறது, ஏலாம் மூன்று முறை. மீடியா, பார்த்தியா, ஆர்மீனியா எல்லாம் சேர்ந்து கொதித்திருக்கின்றன. சொந்த மண்ணான பாரசீகத்திலேயே ஒருவன், பேரரசை நிறுவிய சைரஸின் பெயரைச் சொல்லி, "நான்தான் சைரஸின் மகன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். வரைபடத்தில் இதற்கெல்லாம் நிறம் கிடையாது.

பிரச்சினையின் வேர் தூரம். இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த சார்டிஸிலிருந்து இன்றைய ஈரானில் உள்ள சூசா வரை அரச நெடுஞ்சாலை சுமார் 2,500 கிலோமீட்டர். வழியில் 111 தங்குமிடங்கள், நடந்தால் 90 நாள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். மன்னரின் தூதர்கள் ஆள் மாற்றி, குதிரை மாற்றிப் பறந்தார்கள், சரி. படை பறக்காதே! மேற்கு எல்லையில் எதிரி வந்து நின்றால் சூசாவைக் கேட்டுவிட்டுப் போர் தொடங்க முடியாது. ஆகவே அங்கே இருக்கும் ஆளுநருக்கு, அதாவது சத்ரப்புக்கு, படையும் வரிப் பணமும் தீர்மானிக்கும் உரிமையும் கொடுத்தே ஆகவேண்டும். இந்த மூன்றும் கைக்கு வந்தபின் அவர் ஆளுநரா, குட்டி மன்னரா?

ஒரோய்ட்டஸ் என்ற சார்டிஸ் ஆளுநரின் கதை இதற்குச் சரியான சாட்சி. டாரியஸ் உள்நாட்டுக் கலகங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மனிதர் தன் இஷ்டத்துக்கு ஆடினார். மன்னர் அனுப்பிய தூதனையே வழியில் ஆள் வைத்துக் கொன்றார். படையெடுத்துப் போக டாரியஸுக்கு அப்போது தெம்பில்லை. பகையஸ் என்பவரை, அரச முத்திரையிட்ட சில கடிதங்களோடு மட்டும் அனுப்பினார். பகையஸ் முதலில் சாதாரணக் கடிதங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து எழுத்தரைப் படிக்கச் சொன்னார். படிக்கும்போது அவர் கவனித்தது ஆளுநரின் பாரசீகக் காவலர்களின் முகத்தை. மன்னரின் பெயருக்கு அவர்கள் மரியாதை காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் அடுத்த கடிதம்: "ஒரோய்ட்டஸுக்குக் காவல் இருக்காதீர்கள்." ஈட்டிகள் தரையில் இறங்கின. கடைசிக் கடிதம் கொல்லச் சொன்னது. வாள்கள் உருவப்பட்டன, கதை முடிந்தது.

சொன்னவர் ஹெரோடோட்டஸ், கொஞ்சம் மசாலா இருக்கலாம். இதை டாரியஸின் சாமர்த்தியம் என்று ரசிப்பவர்கள் உண்டு. எனக்கோ மன்னாதி மன்னரின் இயலாமைதான் முதலில் தெரிகிறது. தன் ஆணைக்கு அங்கே மதிப்பிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆணையிட வேண்டியிருக்கிறது!

இந்த ஆளுநர் தலைவலியைப் பாரசீக மன்னர்கள் எழுத்தாலும் கணக்காலும் கட்டிப்போடப் பார்த்தார்கள். பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான பெர்சிபோலிஸில் 1930-களில் கிடைத்த களிமண் பலகைகளில் யாருக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு மது என்ற கணக்கு ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எகிப்தின் ஆளுநர் அர்ஷாமா தன் ஊழியர் ஒருவருக்குத் தோலில் எழுதிக் கொடுத்த பயண ஆணை இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. வழிநெடுக அதிகாரிகள் இவருக்கு மாவும் மதுவும், குதிரைக்குத் தீவனமும் தரவேண்டும். ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினால் கூடுதல் படி கிடையாது. அரசாங்க வேலையில் படி வாங்கிய எவருக்கும் இந்தக் கடைசி வரி புரியும். 19 போர்களைவிட இந்த ஒரு வரிதான் எனக்கு அந்தப் பேரரசைக் கண்முன் நிறுத்துகிறது.

கணக்கும் எல்லா இடத்துக்கும் எட்டவில்லை. நைல் நதியின் எலிஃபன்டைன் தீவில் பாரசீகருக்காகக் காவல் இருந்த யூதப் படையினரின் கோயிலை, அர்ஷாமா எகிப்தை விட்டுப் போயிருந்த சமயம் பார்த்து, கி.மு. 410-இல் இடித்துவிட்டார்கள். இடித்த க்னூம் என்ற எகிப்தியக் கடவுளின் கோயில் பூசாரிகளுக்கு உடந்தை யார் என்றால், அந்த வட்டாரத்துப் பாரசீக அதிகாரியே என்கிறது பாதிக்கப்பட்டவர்களின் மனு. கி.மு. 407-இல் யூதேயாவின் ஆளுநருக்கு அதை எழுதும்போது, முன்பு அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்றும் புலம்புகிறார்கள். பேரரசரின் நீதி இவர்களுக்கு மூன்று வருடத் தாமதத்தில் இருந்தது.

"அப்படியானால் எப்படி 200 வருடம் தாக்குப்பிடித்தது?" என்று கேட்பீர்கள். உள்ளூர்க் கடவுள், உள்ளூர்ச் சட்டம், உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் என்று பலவற்றை இருந்தபடி விட்டதால். இதைச் சகிப்புத்தன்மை என்று புகழ்கிறோம். அதில் பாதி ஆள்பற்றாக்குறை என்று நான் நினைக்கிறேன். கிளர்ச்சி செய்த மிலேட்டஸ் என்ற கிரேக்க நகரத்தை கி.மு. 494-இல் வீழ்த்தி, மக்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனதும் இதே பேரரசுதான்.

சொந்த ரத்தமாவது உதவியதா? மேற்கே அதிகாரம் கொடுத்து அனுப்பப்பட்ட இளைய சைரஸ், கி.மு. 401-இல் கிரேக்கக் கூலிப்படையைத் திரட்டிக்கொண்டு அண்ணன் இரண்டாம் அர்தசெர்க்சஸ் மீதே பாய்ந்தார். குனாக்ஸா போரில் செத்ததால் அண்ணன் தப்பினார்.

இவர்களை வீழ்த்திய அலெக்சாண்டரும் வேறு வழி கண்டுபிடித்துவிடவில்லை. கி.மு. 331-இல் பாபிலோனில், தன்னை எதிர்த்துப் போரிட்ட மசாயஸையே ஆளுநராக்கி, படையையும் வரி வசூலையும் வேறு வேறு ஆட்களிடம் கொடுத்தார். இந்தியாவிலிருந்து அவர் உயிரோடு திரும்பமாட்டார் என்று நம்பிப் பல ஆளுநர்கள் ஆட்டம் போட்டார்கள். அவர் திரும்பினார், சிலரின் தலை போனது. அடுத்த ஆண்டே, கி.மு. 323-இல், அவரும் போனார். பிறகு ஆளுநர்களை அதட்ட யாருமில்லை.