ஆசிரியராகப் போகும் பிள்ளைகளுக்கு டாக்சிக் காசு கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் கோயில் திருவிழா என்றால் நம் மக்கள் கையை இறுக்குவதில்லை. அன்னதானத்துக்கு அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அந்தக் கை ஆசிரியர் படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகள் பக்கமும் நீள வேண்டும் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

"அதுக்குத்தான் அரசாங்கம் படிப்பு உதவிப் பணமா பர்சரி தருதே" என்பார்கள். தருகிறது. 2007-இல் தொடங்கிய ஃபுன்ஸா லுஷாக்கா நல்ல திட்டம். எத்தனை ஆண்டு பணம் வாங்குகிறோமோ அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் வேலை பார்க்க வேண்டும். ஆனால் கேட்ட எல்லாருக்கும் கிடைக்காது. அரசு குறித்து வைத்த பாடங்களுக்கே முதலிடம். அதை விட்டால் அரசின் மாணவர் உதவி நிதியான என்எஸ்ஃபாஸ். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டைத் தாண்டினால் அந்தக் கதவும் மூடிவிடும். அம்மா நர்ஸ், அப்பா முனிசிபாலிட்டியில் கிளார்க் என்றால் தாண்டிவிடும். வீட்டுக் கடன் போக, தம்பி தங்கை ஸ்கூல் ஃபீஸ் போக, மிஞ்சுவது என்ன?

சரி, எப்படியோ ஃபீஸ் கட்டிவிட்டார்கள் என்றே வையுங்கள். பிள்ளைகள் இடறி விழுவது அதற்குப் பிறகு. நாலு வருட பி.எட். படிப்பில் குறைந்தது 20 வாரம் ஏதாவது ஒரு பள்ளியில் போய்ப் பாடம் நடத்தியாக வேண்டும். அதற்குச் சம்பளம் கிடையாது. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிற பிள்ளைக்கு ஊரின் மறுகோடியில் பள்ளி அமைந்தால் தினமும் இரண்டு டாக்சி (பலர் சேர்ந்து போகும் வேன்) மாற வேண்டும். சார்ட், பிரிண்ட், டேட்டா, வகுப்பில் நிற்கத் தகுந்த உடுப்பு எல்லாம் கைக்காசு. ராத்திரி முழுக்கப் பாடக்குறிப்பு எழுதுவதால் மாலை நேரக் கடை வேலையையும் விட வேண்டி வருகிறது. செலவு ஏறுகிற அதே வாரங்களில் வரவு நின்றுபோகிறது. நன்றாகப் பாடம் நடத்தக்கூடிய பிள்ளை இந்த இடத்தில் மனம் விட்டுப்போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நம் முன்னோர் இப்படி விட்டதில்லை. 1927-இல் இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, உயர்நிலைப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் ஒரே இடத்தில் வேண்டும் என்று நம் மக்களிடமே பணம் திரட்டினார். 1929-இல் சாஸ்திரி கல்லூரி எழும்பியது. அதன்பின் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிக் கல்லூரி எத்தனை ஆசிரியர்களை வார்த்துத் தந்தது! அவர்களில் பலர் இன்று ஓய்வுபெற்று சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் பக்கத்து வீடுகளிலேயே இருக்கிறார்கள். வகுப்பை அடக்கும் வித்தையை அவர்களிடம் கேட்டுக்கொள்ளாமல் யாரிடம் கேட்பது?

தமிழ் விஷயம் தனி வலி. 2014-இல் தமிழைப் பள்ளிப் பாடமாகத் தேர்ந்தெடுக்க அரசு வழிவிட்டது. சொல்லித்தர ஆள் எங்கே? டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இருந்த தமிழ்த்துறை போய்விட்டது. கணிதமோ ஆங்கிலமோ நடத்தப்போகிற பிள்ளைக்குக் கூடவே தமிழும் கற்றுக்கொடுத்தால்தான் உண்டு.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு கோயிலும் சங்கமும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளட்டும். பயிற்சி வாரங்களுக்கு டாக்சிக் காசு, வாரம் ஒரு மாலை பாடக்குறிப்பைப் பார்த்துத் திருத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கடனாகக் கொடுக்காதீர்கள். மேடையில் ஏற்றி மாலை போட்டுப் படம் எடுக்கவும் வேண்டாம், அந்த வயதுப் பிள்ளைக்கு அது கூச்சம். கமிட்டியில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்வி வளாகமான எட்ஜ்வுட்டில் படிக்கும் பிள்ளை உங்கள் தெருவிலேயே இருந்தால் கூட்டம் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே போய் விசாரியுங்கள்.