தொப்பி சண்டைய தோட்டா சண்டையாக்கிட்டாங்கப்பா

எங்க அக்கா பையன் எட்டாவது படிக்கறான். ஜூலை 10க்கு ஸ்கூல்ல பேச்சுப்போட்டி, தலைப்பு வேலூர் சிப்பாய் புரட்சி. நான்தான் எழுதிக் குடுத்தேன், ரெண்டு நாள் லன்ச் டைம் போச்சு. பையன் தடங்கல் இல்லாம பேசிட்டான், ஆனா முடிச்சதும் ஜட்ஜா உக்காந்திருந்தவர் கூப்ட்டு "எல்லாம் சரிப்பா, பசுக் கொழுப்பு பன்னிக் கொழுப்பு தடவுன தோட்டாவ பத்தி ஒரு வார்த்த சொல்லலயே, அதானே முக்கியம்"னு மார்க்க கொறச்சிட்டாராம். வூட்டுக்கு வந்து அவன் என்ன பாத்த பார்வ இருக்கே, இன்னும் பேச மாட்றான்.

அந்த தோட்டா 1857ப்பா. மீரட், டெல்லி பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி படையில இருந்த நம்ம ஊரு சிப்பாய்ங்க வேலூர் கோட்டையில கலகம் பண்ணது 1806, அம்பது வருஷம் முன்னாடி. கொழுப்பு ஏன் தேவப்பட்டுச்சுன்னு பாத்தாலே வெளங்கிடும். 1857ல வந்தது என்ஃபீல்டு ரைஃபிள், குழாய்க்குள்ள திருகு மாதிரி வரி ஓடும், குண்டு இறுக்கமா போவணும், அதுக்குதான் கொழுப்பு. 1806ல சிப்பாய் கையில இருந்தது உள்ள வழவழன்னு இருக்கற பழைய மஸ்கட் துப்பாக்கி, குண்ட மேல போட்டா லொடலொடன்னு உள்ள எறங்கிடும், அதுக்கு எதுக்கு கொழுப்பு? பேப்பர் தோட்டாவ பல்லால கடிச்சுதான் அப்பவும் போட்டாங்க, அது வேற விஷயம்.

இங்க பிரச்சன தொப்பி. 1805 நவம்பர்ல மெட்ராஸ் படைக்கு புது ஆர்டர் போட்டாங்க. நெத்தியில நாமம் விபூதி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடிய எடு, மீசைய ஒரே அளவா வெட்டு, தலைப்பாக்கு பதிலா இத மாட்டுன்னு தொப்பி மாதிரி ஒண்ணு, அதுல தோல்ல ஒரு குஞ்சம் வேற. எந்த மாட்டுத் தோலோ, எந்தப் பன்னித் தோலோன்னு ரெண்டு பக்க ஆளுக்கும் கொமட்டல். அதுக்கு மேல தொப்பி போட்டா ஊர்ல இன்னா சொல்லுவான்? வெள்ளக்காரன் மதத்துக்கு மாறிட்டான்னுதான். தோல் விஷயம் இருக்கறதாலதான் நம்ம ஆளுங்க தோட்டாவோட சேத்து கொழப்பிக்கறாங்கன்னு நெனைக்கிறேன், அதக்கூட மன்னிச்சிடலாம். மே மாசமே ஒரு படை தொப்பிய போட மாட்டேன்னுச்சு, புடிச்சு கசையடி குடுத்தாங்க. முஸ்தபா பேக்னு ஒரு சிப்பாய், இப்டி நடக்கப் போவுதுன்னு ஜூன்லயே அதிகாரிகிட்ட போய் சொல்லிருக்கான். நம்பாம அவனையே புடிச்சு உள்ள வச்சாங்க.

இதெல்லாம் கூட பரவால்ல. என்ன கடுப்பேத்தறது இந்த "நம்மாளுங்க ஒரு பக்கம், வெள்ளக்காரன் ஒரு பக்கம்"ங்கற கததான். அன்னிக்கு கோட்டைக்குள்ள சுமார் 1500 சிப்பாய், 69வது ரெஜிமென்ட் வெள்ளக்காரன் நானூறுக்கும் கம்மி. விடிகாலையில பாரக்ஸ்ல சுட ஆரமிச்சு நூறு பேருக்கு மேல போய்ட்டான், கோட்டை கமாண்டர் கர்னல் ஃபேன்கோர்ட்டும் காலி. திப்புவோட மைசூர் கொடி ஏறிடுச்சு. அப்பறம் ஆற்காட்லேர்ந்து கில்லெஸ்பிங்கற வெள்ளக்கார அதிகாரி குதிரைப்படையோட வந்து சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுட்டான், இது எல்லாருக்கும் தெரியும். அந்த குதிரைப்படையில யாரு இருந்தா? 19வது டிராகூன் வெள்ளக்காரன் மட்டுமா? மெட்ராஸ் படையோட 7வது கேவல்ரியும் இருந்துச்சு, அவன் யாரு, லண்டன்லேர்ந்தா வந்தான்? அவனும் நம்ம பக்கத்து ஆளுதான், அதே கம்பெனிகிட்ட சம்பளம் வாங்கறவன். இந்த வரிய பையன் பேச்சுல சேத்திருந்தேன், "இத மட்டும் எடுத்துடுங்க மாமா, யாரும் கை தட்ட மாட்டாங்க"ன்னான். வெவரமான பையன்.

ஆற்காடும் அதே கததான். கம்பெனிகாரன் கிளைவ் கையளவு ஆள வச்சு கோட்டைய காப்பாத்துனான், முற்றுகை போட்டவங்க யானைக்கு நெத்தியில இரும்புத் தகடு கட்டி கதவ இடிக்க வுட்டாங்க, யானை துப்பாக்கி குண்டு பட்டதும் மெரண்டு திரும்பி சொந்த ஆளையே மிதிச்சுதுன்னு 1751 கதைய ஆஹா ஓஹோன்னு சொல்லுவாங்க. யானை விஷயம் நெஜம்தான். ஆனா மெட்ராஸ்லேர்ந்து கெளம்பறப்ப அவன்கூட இருந்தது 200 வெள்ளக்காரன், 300 சிப்பாய். கணக்கு போட்டுக்கோங்க. அந்த 300 பேர்ல ஒருத்தன் பேரு சொல்லுங்க பாக்கலாம். அவங்கள பத்தி ஊருக்குத் தெரிஞ்ச ஒரே கத, சோத்த வெள்ளக்காரனுக்கு குடுங்க, எங்களுக்கு வடிச்ச கஞ்சி போதும்னு சொன்னாங்களாம், அது. அத ஊரெல்லாம் பரப்புனது மெக்காலேங்கற வெள்ளக்கார எழுத்தாளர், நூறு வருஷம் போல கழிச்சு எழுதுனது. பட்டினி கெடந்தவன் கஞ்சி போதும்னு சொன்னானோ இல்லையோ, அப்டி சொல்லிருந்தா நல்லா இருக்கும்னு வெள்ளக்காரனுக்கு தோணிருக்கும், எனக்கு அவ்ளோதான் தெரியுது.

எங்க பெரிய மாமா கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டைன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும், தெருவுக்கு தெரு மிலிட்டரிகாரர். மாமா ஏஎஸ்சில, அதான் ராணுவத்துக்கு சாமான் கொண்டு போற பிரிவுல, லாரி டிரைவர், ஹவில்தாரா ரிடயர்டு. கல்யாண வூட்ல எவனாவது ஒருத்தன் வந்து "எத்தன பேர சுட்டீங்க மாமா?"ன்னு கேட்டுடுவான், அவரும் பொறுமையா "ஃபைரிங் ரேஞ்சுல அட்டைய சுட்டேன்டா"ம்பார். லே பக்கம் மூணு டன் வண்டியில உருளக்கெழங்கும் மண்ணெண்ணெயும் ஏத்திகினு போனவரு. பட்டாளம்னா அதுல பாதி பேரு சோறு, தண்ணி, டீசல், செருப்பு இத தூக்கற ஆளுதான்டாம்பார். சியாச்சின்ல எதிரி குண்டுல போனவங்கள விட குளிருல, பனியில போனவங்கதான் ஜாஸ்தி, அத சொன்னா அந்தப் பக்கம் மூஞ்சி சுருங்கிடும், படத்துல அப்டி இல்லையேன்னு.

மாமாகிட்ட 1806 கதைய சொன்னப்ப அவர் வீரம் கீரம்லாம் கேக்கல. "கதவாண்ட யாருடா ட்யூட்டி?"ன்னார். கரெக்ட்டு பாயிண்ட்டு. கோட்டைய புடிச்சப்பறம் நெறைய பேரு கொள்ளையில எறங்கிட்டாங்க, வெளிக்கதவுக்கு சரியா காவல் இல்ல. கில்லெஸ்பி ஆளுங்க சுலபமா உள்கதவு வரைக்கும் வந்துட்டாங்க, அவன மேல இருந்த 69வது ஆளுங்க கயிறு போட்டு மதில் மேல இழுத்துகினாங்க, பின்னாடி வந்த பீரங்கி உள்கதவ ஒடச்சுது. அப்பறம் நடந்தது சண்டையில்ல. அரண்மனையில ஒளிஞ்சிருந்த நூறு பேர் போல வெளிய இஸ்து செவுத்தாண்ட நிக்க வச்சு சுட்டாங்க. விசாரணைக்கு அப்பறம் ஆறு பேர பீரங்கி வாயில கட்டி சுட்டாங்க, எட்டு பேருக்கு தூக்கு. கவர்னர் பென்டிங்க், தளபதி கிரடாக் ரெண்டு பேருக்கும் வேலை போச்சு, தொப்பி ஆர்டரும் போச்சு.

இன்னொண்ணு, முதல் புரட்சி வேலூரா மீரட்டான்னு வருஷா வருஷம் அடிச்சுக்கறீங்களே. 1764லயே கம்பெனியோட வங்காளப் படை சிப்பாய்ங்க கலகம் பண்ணி, இருவது பேருக்கு மேல பீரங்கியில கட்டி சுட்ருக்கான் ஹெக்டர் மன்ரோங்கற கம்பெனி அதிகாரி. ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்க இது என்ன டென்த் எக்ஸாமா?

அகழியில பத்தாயிரம் முதலை வளத்தாங்கங்கற கத இருக்கே, அதுக்கு தீனி போட்டவன் யாருன்னு மாமா கணக்கு போட்டு காமிச்சார் பாருங்க, சிரிச்சு வயிறு வலிச்சுடுச்சு. டிரைவர் புத்தி, ஒரு நாளைக்கு எத்தன லோடு கறின்னு ஆரமிச்சுட்டார். இப்டி ஒரு ஆளு வூட்டுக்கு ஒருத்தர் இருந்தா போதும்னு இந்தப் பதிவையே அவர வச்சுதான் முடிக்கலாம்னு இருந்தேன்.

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்டு. வேலூர் கோட்டையிலேர்ந்து விரிஞ்சிபுரம் கோயிலுக்கு பன்னெண்டு கிலோமீட்டர் ரகசிய சுரங்கம், குதிரையிலயே போகலாம், தமிழனா இருந்தா ஷேர் பண்ணுன்னு. தொல்லியல் ஆளுங்களுக்கு அப்டி ஒண்ணும் கெடைக்கலன்னு நான் டைப் பண்ணிகினே யாரு அனுப்பிச்சதுன்னு மேல பாத்தேன். மாமா. கீழ அவரே இன்னொரு மெசேஜ் போட்ருந்தார்: "எங்க தாத்தா பாதி தூரம் போயிருக்கார்."