ரவாங்கோடு நிறுத்திவிட்டீர்களே

உங்கள் கட்டுரையில் மலேசியாவின் கொமுட்டர் (புறநகர் மின்ரயில்) நிலையங்களின் வரலாற்றை 1995ல் தொடங்கி ரவாங் நிலையத்தோடு முடித்திருக்கிறீர்கள். ரவாங்குக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊர் பத்தாங்காலிக்கும் இரண்டு வரி கொடுத்திருக்கலாம்.

செரண்டா, பத்தாங்காலி, ராசா வரை கொமுட்டர் வந்தது 2007ல்தான். மறு வருடம் கோல குபு பாரு, 2009ல் தஞ்சோங் மாலிம். அப்போது ரவாங்கில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும். இப்போது ஏறி உட்கார்ந்தால் கிள்ளான் துறைமுகம் வரை ஒரே ரயில். பத்துமலைக்குப் போகிறவர்கள் மட்டும் கோலாலம்பூரில் உள்ள புத்ரா நிலையத்தில் மாறிக்கொள்ள வேண்டும், தைப்பூச நேரத்தில் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு இது அத்துப்படி.

இரட்டைப் பாதை போட்டு மின்கம்பி இழுத்த பிறகு நிலையத்தின் அமைப்பே மாறிவிட்டது. மேடைக்கு மேடை போக மேம்பாலம்தான், தண்டவாளத்தில் கால் வைக்க முடியாது. அது நல்லதுதான். எங்கள் அப்பா காலத்தில் பால்மரம் வெட்டிவிட்டு (ரப்பர் பால் எடுத்துவிட்டு) வருகிறவர்கள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) வருவார்கள்.

அப்புறம் ஒன்று. ஒரு மீட்டர் அகலமுள்ள இந்தப் பாதைகளைப் போட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, நிலையங்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் வேலை பார்த்தார்கள். அடுத்த கட்டுரையில் தயவுசெய்து அவர்களைப் பற்றி எழுதுங்கள்.